உலகச் சிலந்திப் பட்டியல்: உடைமரத்து "எறும்பு"க்குப் பெயர் தேடிய கதை

போன வாரம் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வந்து கேட்டாள். "மேடம், ஒரு சிலந்தி புதுச் சிற்றினம்னு எப்படித் தெரியும்? யாராவது சொல்வாங்களா?"

யாரும் சொல்ல மாட்டார்கள். நாமேதான் தேட வேண்டும். உலகத்தில் இதுவரை பெயர் வைத்த சிலந்திகளில் எதுவும் இது இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் காட்ட வேண்டும். அந்தத் தேடலுக்காக மூன்று வருடமாக அநேகமாகத் தினமும் நான் திறக்கிற ஓர் இணையச் சேவை உண்டு. ஆங்கிலத்தில் World Spider Catalog. உலகச் சிலந்திப் பட்டியல் என்று தமிழில் சொல்லலாம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துகிறது. அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். எங்கள் ஆய்வகத்தில் இருப்பது ஒரே ஒரு ஸ்டீரியோ நுண்ணோக்கி. நூலகத்தில் சிலந்திகளுக்கென்று இரண்டு புத்தகம். இந்த நிலையில் இருக்கிறவர்களுக்கு இந்தச் சேவை எப்படி உதவுகிறது என்பதுதான் என் அக்கறை. பெரிய அருங்காட்சியகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இது ஒரு வசதி. எங்களுக்கு இது இல்லாவிட்டால் வேலையே இல்லை.

முதலில் எறும்பு வேடம் போடும் சிலந்திகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஊரில் மாமரத்திலும் கொல்லாமரத்திலும் இலையைத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பை எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கம் முசுறு என்போம். அந்த முசுறு வரிசைக்குப் பக்கத்திலேயே, அதே நிறத்தில், அதே ஒல்லி இடுப்போடு ஒன்று நடந்து போகும். முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டும். எறும்பு போலவே வளைந்து நெளிந்து ஓடும். கையால் லேசாகத் தட்டிப் பாருங்கள். இலையிலிருந்து ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு தொங்கும். எறும்பு எங்கே நூல் விடும்? அப்போதுதான் கால்களை எண்ணத் தோன்றும். எட்டு இருக்கும். முகத்தைப் பார்த்தால் தாவும் சிலந்திகளுக்கே உரிய பெரிய இரண்டு கண்கள் நம்மைத் திரும்பிப் பார்க்கும்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் மாணவன் ஒருவன் தோப்பிலிருந்து ஒன்றைப் பிடித்து மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். "மேடம், இது இன்னொரு எறும்பைத் தூக்கிட்டுப் போகுது, ஆனா ரெண்டும் ஒரே உடம்பு!" நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். முகத்துக்கு முன்னால் உடம்பில் பாதிக்கு நீண்ட கெலிசெரா, அதாவது கடிக்கும் தாடை. அதன் நுனி கறுத்துப் பருத்து, இன்னோர் எறும்பின் தலை மாதிரி இருந்தது. அவனுக்கு அது புது இனம் என்று உறுதியாகத் தோன்றிவிட்டது. தோப்பு அண்ணாச்சியோ, "டீச்சர், இது நான் சின்னப் பிள்ளையில இருந்தே பார்க்கேன்" என்றார். இருவர் சொன்னதும் எனக்கு முக்கியமாகப் பட்டது. அன்றுதான் இந்தப் பட்டியலின் தளத்தில் முதன்முதலாக என் பெயரைப் பதிவு செய்தேன்.

பதிவு இலவசம். பெயரும் மின்னஞ்சலும் கொடுத்தால் போதும். தேடுகிற பெட்டியில் குடும்பம், பேரினம், சிற்றினம் எதை வைத்தும் தேடலாம். அரை மணி நேரத்தில் அந்த மாத்திரை டப்பாச் சிலந்திக்குப் பெயர் கிடைத்தது. மிர்மபிளாட்டா பிளாட்டலியாய்டஸ். 1869இல் இலங்கைச் சிலந்தியை வைத்துப் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் விவரித்தது. இந்தியா, இலங்கை, சீனா, தென்கிழக்கு ஆசியா என்று பரவியிருப்பது. ஆண்தான் அந்த நீண்ட தாடையோடு, எறும்பைத் தூக்கிப் போகும் எறும்பாகத் தெரிகிறது. பெண்ணுக்குத் தாடை சிறியது, அது வெறும் எறும்பு மாதிரியே இருக்கும். பெயரின் பொருள் "கரண்டிவாயன் போன்றது" என்பது. கூந்தன்குளத்துக்குப் போய்க் கரண்டிவாயன் பறவையைப் பார்த்தவர்கள் அந்த ஆண் சிலந்தியின் முகத்தைப் பார்த்தால், பெயர் பொருந்துகிறது என்று தலையாட்டுவார்கள்.

மாணவனுக்கு ஏமாற்றம்தான். ஆனால் பட்டியலில் அந்தச் சிலந்தியைப் பற்றி இருக்கும் பதிவை எப்படிப் படிப்பது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தபோது அவன் முகம் மாறியது. அதனால் அதை இங்கேயும் சொல்கிறேன்.

ஒரு சிற்றினத்தின் பதிவைத் திறந்தால் மேலே இன்றைக்குச் செல்லுபடியாகும் பெயர், விவரித்தவர், ஆண்டு. விவரித்தவர் பெயர் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் முதலில் வேறு பேரினத்தில் வைத்தார், பிறகு யாரோ மாற்றினார்கள் என்று பொருள். நம் முசுறு வேடக்காரனுக்கு அடைப்புக்குறி உண்டு. 1869இல் அது சால்டிகஸ். அப்புறம் மிர்மராக்னே. 2016இல் போலந்து நாட்டு அறிஞர் புரோஷின்ஸ்கி, அந்தப் பெரிய மிர்மராக்னே பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்தார். அப்போது அது மிர்மபிளாட்டா ஆனது. பதிவின் கீழே ஒவ்வொரு வரியும் ஒரு கட்டுரை. எந்த ஆண்டு, எந்தப் பக்கம், எந்தப் படம், ஆணைக் காட்டியிருக்கிறார்களா பெண்ணையா என்பது வரைக்கும் வரியிலேயே இருக்கும். முதல் விவரிப்புக்குத் தனிக் குறி. அதாவது நூற்றைம்பது வருடப் பேச்சு முழுவதும் பத்துப் பதினைந்து வரியில். இவ்வளவு கச்சிதமாக ஒரு தகவல் வடிவத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

இது ஒரே நாளில் உருவானதும் இல்லை. ரோவர் என்ற ஜெர்மானியர் 1942இலிருந்து 1955 வரை தொகுத்தார். போனே என்ற பிரெஞ்சுக்காரர் 1945இலிருந்து 1961 வரை. பிறகு நியூயார்க்கில் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த நார்மன் பிளாட்னிக் அச்சில் தொடர்ந்தார். 2000ஆம் ஆண்டு அதை இணையத்துக்குக் கொண்டுவந்தார். பல ஆண்டுகள் தன் பொறுப்பிலேயே புதுப்பித்துக்கொண்டு இருந்தார். 2014இல் பெர்ன் அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்டது. பிளாட்னிக் 2020இல் காலமானார். அந்தச் செய்தியைப் படித்த அன்று, முகமே பார்த்திராத ஒருவருக்காக ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து வருத்தப்பட்டது நினைவிருக்கிறது. 2022 ஏப்ரலில் இந்தப் பட்டியலில் 50,000ஆவது சிலந்தி ஏறியது. தென் அமெரிக்காவில் கண்டெடுத்த குரியூரியஸ் மினுவானோ. அதுவும் ஒரு தாவும் சிலந்திதான் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சரி, இப்போது உடைமரத்துக்கு வருகிறேன்.

ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாலைகளுக்கு நடுவே எனக்குத் தெரிந்தவர் ஒருவரின் தரிசு நிலம் இருக்கிறது. குடைபோல விரிந்த உடைமரங்கள். அவற்றின் பட்டையில் கறுப்புச் சித்தெறும்பு ஓயாமல் ஏறி இறங்கும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மார்கழிக் காலையில், வெள்ளைக் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்துக் கிளையைத் தட்டினோம். எறும்புகளோடு இரண்டு பெண் சிலந்திகள் விழுந்தன. நாலரை மில்லிமீட்டர் நீளம். மினுமினுக்கும் கறுப்பு. வயிற்றின் நடுவே ஒரு சிறிய ஒடுக்கம். மிர்மராக்னே என்று பார்த்ததுமே தெரிந்தது. எந்த மிர்மராக்னே?

நிறத்தை நம்ப முடியாது. இந்தச் சிலந்திகளில் குட்டியாக இருக்கும்போது ஓர் எறும்பு மாதிரியும், வளர்ந்த பின் வேறோர் எறும்பு மாதிரியும் வேடம் மாறுவது உண்டு. ஆணும் பெண்ணும் வேறு வேறாக இருக்கும். நம்பக்கூடியது இனப்பெருக்க உறுப்புகளைத்தான். ஆணுக்கு முகத்தருகே இருக்கும் பால்ப். பெண்ணுக்கு வயிற்றின் அடியில் இருக்கும் எபிஜைன். எபிஜைனை நுண்ணிய ஊசியால் வெட்டியெடுத்துக் கிராம்பு எண்ணெயில் ஊறப் போட்டால், சதை கண்ணாடிபோலத் தெளிந்து உள்ளே இருக்கும் சுருள் குழாய்கள் தெரியும். பல்வலிக்கு வைக்கிற அதே கிராம்பு எண்ணெய்தான். ஆய்வகம் முழுக்கப் பல் மருத்துவமனை வாசனை அடிக்கும். அந்தக் குழாய் எத்தனை சுற்று சுற்றுகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று வரைந்துகொண்டேன்.

பிறகு பட்டியலைத் திறந்தேன். மிர்மராக்னேயில் மட்டும் நூற்றைம்பதுக்குக் குறையாத சிற்றினங்கள். பரவல் பகுதியைப் பார்த்து, இந்தியா, இலங்கை, மியான்மர், தென்கிழக்கு ஆசியா என்று வருபவற்றை எல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே படம் எங்கே இருக்கிறது, ஆணா பெண்ணா என்று குறித்தேன். பிரித்தெடுத்த மற்றப் பேரினங்களையும் சேர்த்துக்கொண்டேன். அது முக்கியம். நம் கையில் இருப்பது எந்தக் கிளையில் போய்ச் சேரும் என்று முதல் நாளே தெரியாது.

இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு எனக்குப் புரிந்தது அந்த நாட்களில்தான். பட்டியலில் இருக்கும் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றைப் பதிவு செய்தவர்கள் அங்கேயே பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். முன்பு ஒரே ஒரு பழைய கட்டுரைக்காக ஒரு பதிப்பகத்தின் தளத்துக்குப் போனபோது, எட்டுப் பக்கத்துக்கு என் ஒரு வார மளிகைச் செலவைக் கேட்டார்கள். வேறொரு நூலகத்துக்குக் கடிதம் எழுதி ஏழு மாதம் காத்திருந்து, கடைசியில் பதிலே வரவில்லை. இங்கே 1915இல் நாராயண் என்பவர் கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகச் சேகரிப்பை வைத்து எறும்பு போன்ற சிலந்திகளைப் பற்றி எழுதிய கட்டுரை, ஒரு கிளிக்கில் திறந்தது. நூறு வருடத்துக்கு முன்னால், என்னைப் போலவே ஒருவர், இதே எறும்பு இடுப்பை உற்றுப் பார்த்துக் கோடு வரைந்திருக்கிறார். ஹிமாலயென்சிஸ் என்ற மிர்மராக்னே அவர் வைத்த பெயர். 1973இல் திகாதர் எழுதியதும் கிடைத்தது. பூனாயென்சிஸ் அவர் வைத்தது. இலங்கையின் சுரேஷ் பெஞ்சமின் 2015இல் அந்த நாட்டு மிர்மராக்னேக்களை மொத்தமாகத் திரும்ப ஆராய்ந்து எழுதிய நீண்ட கட்டுரை, தென் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குப் பொக்கிஷம். கடல் தாண்டினாலும் மண்ணும் மழையும் எங்களுக்குப் பக்கம் அல்லவா?

தேடும்போது நடுவே கவனம் திரும்பிவிடும், அதுவும் இந்தத் தளத்தின் இயல்பு. டாக்சியஸ் என்ற பேரினத்தைக் கழிக்கப் போனபோது டாக்சியஸ் மாக்னஸ் பதிவில் நின்றுவிட்டேன். அதுவும் எறும்பு வேடம் போடுவதுதான். தாய் சுரக்கும் பால் போன்ற திரவத்தைக் குடித்துக் குஞ்சுகள் வளர்கின்றன என்று சீன ஆய்வாளர்கள் 2018இல் கண்டறிந்தது அந்தச் சிலந்தியில்தான். மாட்டுப்பாலைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு புரதம். என் அம்மாவிடம் சொன்னேன். "சிலந்திக்குமா?" என்று கேட்டுவிட்டு, வீட்டுச் சுவர் மூலையில் விளக்குமாறு போடுவதை ஒரு வாரம் நிறுத்தி வைத்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். குறை என்பதைவிட, இது எதைச் செய்யாது என்று தெரியாமல் வருபவர்கள் சோர்ந்துபோவார்கள். கைப்பேசியில் எடுத்த படத்தை ஏற்றிப் பெயர் கேட்கும் இடம் இது இல்லை. பதிவுகளில் படமும் கிடையாது, விவரிப்பும் கிடையாது. கட்டுரைக்குப் போகும் வழியை மட்டும் காட்டும். இது உண்டா இல்லையா என்று கேட்டுக் கேட்டுப் பிரித்துக்கொண்டு போகும் அடையாளத் திறவுகோலும் இல்லை. படங்களுக்குத் தாவும் சிலந்திகளைப் பற்றிய தனித் தளங்கள் இருக்கின்றன, அவற்றைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். பரவல் நாட்டு அளவில்தான் இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறதா என்றால் இது பதில் சொல்லாது. ஊர்ப் பட்டியல்களை, அதாவது "இந்தக் காட்டில் இவை இருந்தன" என்று வெறும் பெயர் மட்டும் தரும் கட்டுரைகளை, இது சேர்ப்பதில்லை. அது சரியான முடிவு என்றுதான் எனக்குப் படுகிறது. படமோ விவரிப்போ இல்லாத பெயரை எப்படிச் சரிபார்ப்பது?

மொழியும் ஒரு சுவர். தளம் ஆங்கிலம். அதில் கிடைக்கும் பழைய கட்டுரைகளில் பல லத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன். லத்தீனில் பக்கக் கணக்கில் எழுதிவிட்டு ஒரு படம்கூடப் போடாத விவரிப்புகள் இருக்கின்றன. அப்படி ஒரு பக்கத்தை வார்த்தை வார்த்தையாக அகராதி வைத்துப் படிக்க எனக்கு நான்கு இரவு ஆனது. பட்டியல் என்னை வாசல் வரை கொண்டு விட்டது, உள்ளே நான்தான் நடக்க வேண்டியிருந்தது.

இன்னொரு விஷயம், மாணவர்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்வது. பட்டியலில் இல்லை என்பதாலேயே ஒன்று புதியது ஆகிவிடாது. பட்டியலில் இருப்பதன் பெண்ணாக இருக்கலாம். ஆணை மட்டும் பார்த்துப் பெயர் வைத்த சிற்றினங்கள் ஏராளம், பெண்ணை மட்டும் பார்த்தவையும் அப்படியே. அதனால்தான் நான் அந்த இரண்டு பெண்ணோடு நிறுத்தவில்லை. மறுபடியும் ஆரல்வாய்மொழிக்கு ஐந்து முறை போனோம். வளர்ந்து முடியாத மூன்று குட்டிகளைக் கொண்டுவந்து, கண்ணாடிக் குழாயில் ஈரப் பஞ்சு வைத்து, வாழைப்பழத் தோலில் பிடித்த பழ ஈக்களைப் போட்டு வளர்த்தோம். ஒன்று செத்துப்போனது. ஒன்று பெண்ணாகத் தோலுரித்தது, எபிஜைன் அதே சுருள். மூன்றாவது, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நான் ஆய்வகத்தைத் திறந்தபோது, பழைய தோலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது நீளத் தாடையோடு பஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது. ஆண். அன்றைக்கு முதல் பீரியடுக்கு நான் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன்.

இப்போது இரு பாலும் கையில் இருக்கின்றன. அளவுகள் எடுத்தாயிற்று, படங்களும் வரைந்தாயிற்று. கடைசி வரை கழித்தால் அது புதிது என்று ஆகும். அப்புறம் நடக்க வேண்டியவை ஒழுங்காக நடக்க வேண்டும். ஒரு சிலந்தியை மூல மாதிரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், பெயர் என்றென்றைக்கும் அந்த ஓர் உடலோடு கட்டுப்பட்டிருக்கும். இந்தியாவில் 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி, புதிதாகக் கண்டதை அரசு குறித்திருக்கும் களஞ்சியத்துக்குத் தெரிவித்து மாதிரியை ஒப்படைக்க வேண்டும். என் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்ளக் கூடாது. கட்டுரை இணையத்தில் மட்டும் வெளிவரும் இதழ் என்றால், அதை விலங்குப் பெயர்களுக்கான சூபேங்க் என்ற இணையப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2012இலிருந்து விலங்குப் பெயர் விதி அப்படித்தான். இவ்வளவும் முடிந்து கட்டுரை வெளிவந்த பிறகுதான் பெர்ன்காரர்கள் அதைப் பட்டியலில் ஏற்றுவார்கள். முன்கூட்டியே பெயரைக் கொடுத்து இடம் பிடித்து வைக்க முடியாது. அந்தக் கறார்தான் எனக்கு இந்தச் சேவையின் மேல் இருக்கும் மரியாதைக்குக் காரணம்.

யாருக்கு இது பயன்படும் என்று கேட்டால், ஆய்வு மாணவர்களுக்கு முதலில். பள்ளி ஆசிரியர்களுக்கும் சொல்வேன். ஒரு சிற்றினத்தின் பதிவை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திரையில் காட்டிப் பாருங்கள், ஒரு பெயருக்குப் பின்னால் எத்தனை பேருடைய கண்ணும் கையும் இருக்கின்றன என்று அவர்களே எண்ணத் தொடங்குவார்கள். தோட்டத்தில் பார்த்த சிலந்திக்குப் பெயர் மட்டும் வேண்டும் என்பவர்கள் முதலில் உள்ளூர்ச் சிலந்தி ஆர்வலர்களிடம் போகலாம். தேடும்போது பேரினப் பெயரை விட்டுவிட்டுச் சிற்றினப் பெயரை மட்டும் போட்டுத் தேடுங்கள். பேரினம் மாறிக்கொண்டே இருக்கும், சிற்றினப் பெயர் பெரும்பாலும் கூடவே நகர்ந்து வரும். பேரினப் பக்கத்தின் கடைசி வரை இறங்கிப் படியுங்கள், சந்தேகப் பெயர்கள் அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கும். நான் இதைத் தெரியாமல் மூன்று மாதம் ஒரு பெயரைத் தவறவிட்டிருந்தேன்.

அந்தப் பெயர்தான் இப்போது பாக்கி. என் நீள நோட்டில் எல்லாப் பெயரும் சிவப்பு மையில் அடிக்கப்பட்டுவிட்டன, ஒன்றைத் தவிர. ஒரே ஒரு பெண்ணை வைத்து, நூறு வருடத்துக்கும் முன்னால், எபிஜைன் படம் இல்லாமல் விவரித்த சிற்றினம். நாலரை மில்லிமீட்டர், கறுப்பு, வயிற்றில் ஒடுக்கம் என்கிறது விவரிப்பு. அந்தப் பெண் ஒரு வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் சாராயக் குப்பிக்குள் இருக்கிறது. அதன் அடிவயிற்றை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். அடுத்த மாதம் சேகரிப்பு அறையைத் திறக்கும்போது எடுத்து அனுப்புவதாகப் பதில் வந்திருக்கிறது. என் சிலந்தியின் சுருள் குழாய்ப் படத்தை அச்செடுத்து நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன், வந்ததும் பக்கத்தில் வைத்துப் பார்க்க.